இருபது வரிசை அட்டி

"ஹலோ... ஹலோ! லிலோங்வே ஹெட் ஆபீஸா?... நான் சிம்வாலா குடோன்ல இருந்து ஜைலோசி பேசுறேன். நம்ம எசமான் கபிச்சி ப்வானாவைக் கூப்பிடும்மா... மீட்டிங்கா? இங்க கேட்டுல ஒருத்தன் செத்துக் கெடக்கான்னு போய்ச் சொல்லு, மீட்டிங் தானா முடியும்... ஆமா... ஆமா, செத்துட்டான்... பேரு தெரிஞ்சு நீ என்ன பண்ணப்போற? கூப்பிடுன்னா கூப்பிடு!"

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஜைலோசி கதவின் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அது எடை போடும் அறை. குடோனின் மூலையில் எட்டுப் படி உயரத்தில் இருந்தது. ஒரு பக்கம் கம்பி ஜன்னல், அதில் கேட் தெரியும். மறுபக்கம் கண்ணாடி, அதில் அட்டி தெரியும். மக்காச்சோள மூட்டைகளைக் கூரை இடிக்க அடுக்கி வைத்த அட்டி. முப்பத்தொரு வருஷமாக அந்தக் குடோனில் அட்டி மேஸ்திரி அவர்தான். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருஷம். காகிதத்தில் எழுதியிருப்பதை அவர் நம்புவதில்லை; மூட்டையைத் தட்டிப் பார்த்தால் நம்புவார்.

"ப்வானா!... ஆமா, ஜைலோசிதான்... சுகம் விசாரிக்க இது நேரமில்ல ப்வானா. சனம் கேட்டை வளைச்சிருச்சு... ரெண்டாயிரம் பேர் இருக்கும், எனக்கு எண்ணத் தெரிஞ்சது மூட்டை மட்டும்தான்... ஏன் வந்தாங்களா? நேத்து சாயங்காலம் ரேடியோவுல மந்திரி சொன்னாருல்ல, பயப்படாதீங்க, சிம்வாலாவுல நாப்பதாயிரம் மூட்டை பத்திரமா இருக்குன்னு! அதான் சாக்கும் வாளியுமா வந்துட்டாங்க... சொன்னவரு லிலோங்வேல இருக்காரு, அடி வாங்குறவன் நான்ல?...

"போலீஸா? ரெண்டு பேரைத்தானே அனுப்புனீங்க. ஒருத்தன் சுட்டுட்டான்... லாக்சனை... சைக்கிள் டாக்ஸி ஓட்டுவானே, அவன். எத்தனை மூட்டை இருக்குன்னு எட்டிப் பாத்துக் கத்திச் சொல்லத்தான் கேட்டுல ஏறினான். நெஞ்சுல பட்டு விழுந்தான். வாயில அவிச்ச மாங்கா இருந்துச்சு ப்வானா, மெல்லுறதுக்குள்ள... சுட்டவனா? அவன் இல்ல... ஓடல ப்வானா. இல்லன்னா இல்ல. அவன் துப்பாக்கியாலயே அவன் மண்டையில போட்டாங்க. அப்புறம் வெட்டுக்கத்தி. அதுக்கு மேல நான் பாக்கல... இன்னொருத்தன் சட்டையைக் கழட்டி எறிஞ்சிட்டுக் கரும்புக் காட்டுக்குள்ள பூந்துட்டான்."

கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. ஜைலோசி மேஜைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டார். மேஜையின் மேல் கறுப்பு டெலிபோனுக்குப் பக்கத்தில் ஒரு மைக் இருந்தது, லாரி நம்பரைக் கூப்பிடுவதற்கு. காலையில் கரன்ட் போனதிலிருந்து பின்கட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது வெளியே இருந்த கூச்சல்.

"கேக்குதா? கல்லு... ஆமா, ஆமா... ப்வானா, ஒன்னு கேக்குறேன். பின்பக்கத் தகரத்தைப் பேக்க ஆரம்பிச்சிட்டாங்க. அவங்களா உள்ள வர்றதுக்கு முன்னாடி நானே கதவைத் திறந்துடுறேன். மேல் வரிசையில இருந்து ஒவ்வொன்னா எறக்கி ஆளுக்கு ஒரு வாளி அளந்து விட்டுடுறேன்... ஏன் கூடாது?... வியாழக்கிழமையா? மறுபடியுமா? கடன்காரங்க அனுப்புற அந்த வெள்ளை பூட்சு போட்ட அம்மாவா?... எண்ணிக்கை கொறையக் கூடாதா... எந்த எண்ணிக்கை ப்வானா? எங்கிட்டயேவா எண்ணிக்கை பேசுறீங்க? அதை அடுக்குனவன் நான்!"

அவர் அடுக்கியதுதான். போன வருஷம் வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி கட்டப் பணமில்லை. சேமிப்புச் சோளத்தில் ஐந்தில் ஒரு பங்கை விற்றுக் கட்டுங்கள் என்றார்கள் கடன் கொடுத்தவர்கள். ஒரு பங்கு என்றார்கள். மேலே இருந்தவர்கள் நாலு பங்கை விற்றார்கள். பத்தொன்பது நாள் லாரி ஓடியது, நக்காலா துறைமுகத்துக்கு. அப்புறம் அடுத்த கடன் வேண்டியிருந்தது. சிம்வாலாவில் நாற்பதாயிரம் மூட்டை இருந்தால் கொடுக்கிறோம், வந்து பார்ப்போம் என்றார்கள். கபிச்சி ஒரு காகிதத்தோடு வந்தார். அதில் நாற்பதாயிரம் என்று இருந்தது. குடோனில் இருந்தது எட்டாயிரத்து நானூறு.

மூட்டையைப் பார்த்துக் கணக்கெழுதுவது உலக வழக்கம். அந்தத் தடவை கணக்கைப் பார்த்து மூட்டை அடுக்கினார்கள். நாலு பக்கமும் இரண்டு மூட்டைக் கனத்தில் சுவர் மாதிரி. நடுவில் ஒன்றுமில்லை, மேலே மட்டும் பலகை போட்டு ஒரு வரிசை. பதினாலு வரிசைக்கு மேல் போகக்கூடாது என்பது குடோன் சட்டம். காகிதத்துக்குக் கட்டுப்பட்டு இருபது வரிசை போனார் ஜைலோசி. சுவரை உள்ளே இழுத்துப் பிடிக்கக் குறுக்கே படுக்கவைக்கும் கட்டு மூட்டை ஒன்றுகூட இல்லை. உள்ளே ஏதாவது இருந்தால்தானே கட்டுவதற்கு?

அந்த அம்மா வந்தார். நீளம், அகலம், உயரம் என்று டேப் பிடித்தார். முழ நீளக் குத்தூசியைச் சாக்கில் குத்தி இழுத்தார். சோளம் பொலபொலவென்று கொட்டியது. சந்தோஷமாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். அட்டி போட்டவர் யார் என்று கேட்டு ஜைலோசியை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். ஜைலோசி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிரித்துக்கூட வைத்தார். அதை நினைத்தால் இப்போதும் தன் கன்னத்தில் தானே அறையவேண்டும்போல் இருக்கும் அவருக்கு.

"சொல்றதைக் கேளுங்க ப்வானா! எண்ணிக்கையை விடுங்க. அட்டி நிக்குறதே அதிசயம். கட்டு மூட்டை இல்ல, இருபது வரிசை. சனத்துக்கு அது தெரியாது. உள்ள வந்தா என்ன செய்வாங்க? கைக்கு எட்டுறதை உருவுவாங்க. அடிமூட்டையில கை வச்சா மொத்தச் சுவரும் உருவுனவன் தலையிலதான். ஒன்னு அம்பது கிலோ... கூழாப் போயிடுவாங்க ப்வானா, கூழா... என்ன? பட்டாளம் வருதா? எப்போ?... ரெண்டு மணி நேரமா? ரெண்டு மணி நேரத்துல பொணம் அள்ளுறதுக்குத்தான் ஆள் வேணும், சுடுறதுக்கு ஆள் வேண்டியதில்ல!"

பின்பக்கம் தகரம் கிழியும் சத்தம் கேட்டது. ஜைலோசி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். குடோனின் இருட்டுக்குள் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. கோடு அகலமாகி வாசலானது. தகரத்தின் ஓரம் கிழித்து ரத்தம் ஒழுகும் தோளோடு ஒருத்தன் உள்ளே விழுந்தான். அவன் முதுகில் மிதித்துக்கொண்டு இன்னும் பத்துப் பேர். அப்புறம் வாளி, கூடை, சாக்கு, முதுகில் துணியால் கட்டிய குழந்தைகள்.

"வந்துட்டாங்க... உள்ள வந்துட்டாங்க ப்வானா... ஏய்! ஏய், நீலச் சட்டை! கீழ கை வைக்காத! கேக்குதா? மேல ஏறி எடுடா, மேல!... டேய், நான் காவல் காக்கச் சொல்லல, உன் உசுருக்குச் சொல்றேன்!... இந்தா, ப்வானா, இவனுங்களுக்குக் கேக்கல. கேட்டாலும் நம்ப மாட்டாங்க. பஞ்சம் வந்ததுல இருந்து எங்கிட்ட ஒரு பிடி சோளம்கூட வாங்க முடியலயே... ஆமா, நீங்க சொல்லித்தான்! ஒரு மூட்டையைப் பிரிச்சாலும் உள்ள காலின்னு தெரிஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க? ஊர்ல எனக்கு என்ன பேரு தெரியுமா? கபிச்சி வீட்டு நாய்..."

கல் ஒன்று கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்தது. சில்லு அவர் நெற்றியைக் கிழித்தது. இடது கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு உடைந்த கண்ணாடி வழியே மறுபடி பார்த்தார். அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

"ப்வானா... கொஞ்சம் இருங்க... என் மக. என் மக டியாமிக்கே உள்ள நிக்குறா... அட்டிக்கு அடியில, வடக்கு மூலையில. முதுகுல கைக்குழந்தை... டியா! ஏ டியா! இங்க பாரு! வெளிய போ!... பாக்குறா. பாத்துட்டுத் துப்புறா... சும்மா இருங்க, அது எங்க வீட்டு விவகாரம்! டிசம்பர்ல எங்கிட்ட வந்தா. அப்பா, உன் சட்டைப் பையில ஒரு பிடி போட்டுக் கொண்டா, பிள்ளைக்குக் கஞ்சி வைக்கணும்னு கேட்டா. முடியாதுன்னேன். ஏன்னு என்னால சொல்ல முடியல. அப்புறம் அவ மூத்த பொண்ணு முதலை கெடக்குற ஆத்துல கெழங்கு தோண்டப் போச்சு... திரும்பி வரல. இல்ல, எடுக்கல. புதைக்கக்கூட எதுவும் கெடைக்கல... உங்க அனுதாபத்தை வச்சு நான் என்ன செய்ய? இல்லாத கல்லறையிலயா மாட்ட?

"ப்வானா, உங்க காலைப் பிடிக்கிறேன். மேல இருந்து உத்தரவு குடுங்க. உள்ள காலி, நகருங்கன்னு நானே மைக்ல சொல்லிடுறேன்... அரசாங்க ரகசியமா?... ஒன்னுமில்லாததுல என்ன ரகசியம்!... ஆமா... ஆமா, கடன் வராதுன்னு தெரியுது... நாட்டு மானமா? ஓஹோ... அடுத்த தவணை வந்தா பழைய கடனுக்கு வட்டி கட்டலாம், சரி. வட்டி கட்டினா அடுத்த கடன், சரி. எனக்குப் படிப்பில்ல, நீங்க சொல்லுங்க. இல்லாத சோளத்தைக் காட்டிக் கடன் வாங்கி, இருந்த சோளத்தை வித்து அதைக் கட்டுறீங்களே, நடுவுல திங்கப் போறது யாரு?..."

அந்தப் பக்கம் கபிச்சியின் குரல் மாறியது. அதுவரை கத்திக்கொண்டிருந்தவர் மெதுவாக, அன்பாகப் பேச ஆரம்பித்தார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஆள் அப்படிப் பேசி ஜைலோசி ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார், நாற்பதாயிரம் என்று எழுதிய காகிதத்தோடு வந்த அன்றைக்கு.

"ம்... ம்... சொல்லுங்க... டீசலா? இருக்கே, ஜெனரேட்டருக்கு. முழு பீப்பாய். எதுக்குக் கேக்குறீங்க?... ம்... ஆமா, சாக்கு காஞ்சுதான் கெடக்கு... ம்... எரிஞ்சு போச்சுன்னா எண்ணுறதுக்கு ஒன்னும் இருக்காது, அது சரி... சனம் கொளுத்துச்சுன்னு எழுதிக்கலாமா... நாப்பதாயிரமும் எரிஞ்சுதுன்னு..."

நெற்றி ரத்தம் ரிசீவரின் வாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள ஆளு இருக்குன்னு சொன்னேன்ல?... முந்நூறு பேர். என் மக இருக்கான்னு சொன்னேன்ல?... அவ வெளிய வந்ததும் பத்த வைக்கவா? மத்தவங்களை யாரும் பெக்கலயா?... பென்ஷனா? வீடா? ரெட்டைச் சம்பளமா?..."

"கபிச்சி."

ப்வானா என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்ததை அவர் பொறுக்கப் போகவில்லை.

"டேய் கபிச்சி, நல்லாக் கேளு. அந்த டீசல்தான் இப்ப ஜெனரேட்டரை ஓட்டுது. ஜெனரேட்டர்தான் இந்த மைக்கை ஓட்டுது. அதுக்குத்தான் அந்த டீசல்... என்ன பண்ணுவ? ஜெயிலா? அங்க ரெண்டு வேளை ந்சீமாக் களி உருட்டிப் போடுறான், எங்க ஊரே வரும்... கத்து, நல்லாக் கத்து. ஒரு காதுல நீ இரு. வைக்காத, நீயும் கேளு."

மைக்கின் சுவிட்சைத் தட்டினார். குடோன் முழுக்கக் கீச்சென்று ஒரு சத்தம் ஓடியது. கேட்டுக்கு வெளியே கட்டியிருந்த புனல் ஒலிபெருக்கியிலும் அது பாய்ந்தது.

"ஏய், எல்லாரும் கையை எடுங்க! கையை எடுங்கடா! நான் ஜைலோசி. அட்டி மேஸ்திரி... ஆமாண்டா, கபிச்சி வீட்டு நாய்தான், குரைக்கிறதை ஒரு நிமிஷம் கேட்டுட்டு அப்புறம் கல்லை எறி. அட்டிக்குள்ள ஒன்னுமில்ல. வெறும் கூடு. வெளிய ரெண்டு மூட்டைக் கனம், உள்ள காத்து... பொய்யில்ல! சோளம் போன வருஷமே கப்பல் ஏறிடுச்சு. கடன்காரங்க கண்ணுக்காக இதை அடுக்கினோம்... யாரு அடுக்குனதா?"

அவர் நிறுத்தினார். பழியைப் போட ஆள் இருந்தது. ரிசீவரில் கத்திக்கொண்டே இருந்தது. ஆனால் லிலோங்வேயில் இருப்பவன் பெயரைச் சொன்னால் இந்தச் சனம் நம்பாது. தப்பிக்கப் பார்க்கிறான் கிழவன் என்று சொல்லி அடுத்த மூட்டையை உருவும். தன் கழுத்தை நீட்டுகிறவன் சொன்னால்தான் நம்பும்.

"நான் அடுக்கினேன்! என் கையால! ஒவ்வொரு மூட்டையும் எனக்குத் தெரியும். உங்களை முழுசா ஏமாத்தினவன் நான். மூட்டை எண்ண வந்த பொம்பளை முன்னால நின்னு படம் பிடிச்சுக்கிட்டதும் நான்தான். என்னை வெட்டணும்னா எடை ரூம்ல இருக்கேன், எட்டுப் படி, எங்கயும் ஓடல. ஆனா இப்ப கையை எடுங்க. கட்டு மூட்டை கெடையாது, விழுந்தா அள்ளிப் பொறுக்க முடியாது... டியா! வடக்கு மூலைதான் மோசமான மூலை, அவசரத்துல போட்டது. பிள்ளையைத் தூக்கிட்டுப் போம்மா. என்னை நம்ப வேணாம். மேல நிமிந்து பாரு, சுவரு வயித்தைத் தள்ளிட்டு நிக்குது பாரு!"

டியாமிக்கே நிமிர்ந்து பார்த்தாள். பதினோராவது வரிசை வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. அவள் வாளியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த கிழவியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் ஓடியதைப் பார்த்து நாலு பேர் ஓடினார்கள். நாலு பேரைப் பார்த்து எல்லாரும் ஓடினார்கள். கிழிந்த தகரத்தில் ஒருவரை ஒருவர் மிதித்து, கடித்து, முழங்கையால் இடித்து வெளியேறினார்கள். நீலச் சட்டைக்காரன் மட்டும் போகவில்லை. உருவிய மூட்டை பாதி வெளியே வந்துவிட்டது, விட மனசில்லை. அவன் இன்னொரு தடவை இழுத்தான்.

அட்டி விழுந்த சத்தம் லிலோங்வே வரைக்கும் போயிருக்கும். தூசி எழுந்து எடை அறையையே மூடியது. அது அடங்கியபோது குடோனின் நடுவில் ஒரு வெற்றிடம் தெரிந்தது. கல்யாணப் பந்தல் போடுகிற அளவுக்குப் பெரிய, சுத்தமான சிமென்ட் தரை. பலகையோடு சரிந்த மேல் மூட்டைகளைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. தகர ஓட்டையில் நின்று முந்நூறு பேர் அந்தத் தரையைப் பார்த்தார்கள். நீலச் சட்டையின் ஒரு கை மட்டும் மூட்டைகளுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

"ஹலோ... இருக்கியா?... இருக்கியே, பரவால்ல. கேட்டுதா அது? அதான் உன் நாப்பதாயிரம்... ஒருத்தன் போயிட்டான். ஒருத்தன். முந்நூறு போகவேண்டியது... என் மக வெளிய இருக்கா. குழந்தை அழுவுது, அழட்டும், நல்லா அழுது... என்ன சத்தமா? அதுவா? எல்லாரும் தரையைப் பாத்து முடிச்சிட்டாங்க. இப்ப இந்த ரூமைப் பாக்குறாங்க."

படிகளில் காலடி கேட்டது. ஜைலோசி உடைந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். மண்வெட்டி, வெட்டுக்கத்தி, போலீஸ்காரனின் துப்பாக்கிக் கட்டை. எல்லாருக்கும் முன்னால் டியாமிக்கே. குழந்தை இப்போது வேறு யாரோ ஒருத்தியின் முதுகில் இருந்தது.

"வர்றாங்க... ஆமா... பின்வாசலா? பின்வாசல் இருக்கு, சாவியும் இருக்கு. எதுக்கு ஓடணும்? நான் எட்டுப் படி, எங்கயும் ஓடலன்னு மைக்ல சொல்லிட்டேன்ல... முன்னாடி என் மகதான் வர்றா. அடிக்கிறதுக்கு வர்றாளா, அடிக்கிறவனைத் தடுக்க வர்றாளான்னு மொகத்தைப் பாத்தா தெரியல. கதவைத் திறந்தா தெரிஞ்சிடும்... உன் வீட்டு விலாசத்தைக் கேப்பாங்களா? கேப்பாங்க. சொல்லுவேன். லிலோங்வேல தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி மஞ்ச வீடு, ரெண்டு ஜெனரேட்டர். நான்தானே மூட்டை எறக்கினேன்...

"அழாத கபிச்சி. வியாழக்கிழமை அந்த அம்மா வருவாங்கல்ல, ஒன்னு மட்டும் சொல்லிடு. குத்தூசி பத்தாது. கொஞ்சம் நீளமா கொண்டாரச் சொல்லு..."

கதவில் முதல் அடி விழுந்தது. ஜைலோசி ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கப் போனார். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. அதனால் அவர் கதவைத் திறந்து சொன்ன ஒரே வார்த்தை ஊர் முழுக்கக் கேட்டது.

"வாம்மா..."

அந்தப் பக்கத்தில் ரிசீவரை வைத்துவிட்டார்கள்.